ஒரு சாண் தெரு

மூடிக்கிடந்த மில்லுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே இருந்த அந்தத் தெரு ஆண்டுக்கு ஓரடிக்கும் சற்றுக் கூடுதலாக ஒடுங்கிக்கொண்டு வந்தது. பதினெட்டு ஆண்டுகளில் இருபதடித் தெரு ஒரு சாணாகிவிட்டது. காரணம் தெருவில் எல்லாருக்கும் தெரியும். இரண்டு வரிசை வீடுகளுக்கும் கேட் அடித்துக் கொடுத்தது ஒரே ஆள். அவன் பாயிண்ட் வைக்காமல் வெல்டிங் ஓட்டுகிறவன். நகராட்சி சர்வேயர் இதைத் தன் பதிவேட்டில் எழுதியும் வைத்திருக்கிறார். மழை அளவு எழுதுகிற மாதிரிதான் எழுதியிருக்கிறார்.

பாயிண்ட் என்பது பெரிய ரகசியமில்லை. இரண்டு இரும்பைச் சேர்க்கும்போது, முழுதாக ஓட்டுவதற்கு முன்னால், மூலைமட்டம் வைத்துப் பார்த்து அங்கங்கே ஒரு சொட்டு உருக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் ஓட்டினால் சூடு ஆற ஆற இரும்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். மற்றவர்கள் ஓட்டினால் அந்த இழுப்பு ஆறியதும் நின்றுவிடும். இவன் ஓட்டியது நிற்கவில்லை. கேட் மாட்டிய வீடு எதிர்வீட்டை இழுக்கும், எதிர்வீட்டுக் கேட் இந்த வீட்டை இழுக்கும். இரவும் பகலும் இதே வேலை.

அவனுக்குப் பாயிண்ட் வைக்கத் தெரியாமல் போனதற்கு ஒரு கதை உண்டு. அவனும் அவன் அண்ணனும் பேருந்துக்குக் கூடு கட்டும் பட்டறையில் வேலை பார்த்தார்கள். அண்ணன் ஃபிட்டர். அளப்பது, வெட்டுவது, மட்டம் பிடிப்பது, பாயிண்ட் வைப்பது அவர் பாடு. தம்பி வெல்டர். அண்ணன் வைத்த பாயிண்ட்டைத் தொட்டுத் தொட்டு ஓட்டிக்கொண்டே போவான். பட்டறையில் அண்ணனுக்கு மூலைமட்டம் என்றே பட்டப்பெயர். சாப்பிட உட்கார்ந்தால் டிபன் பெட்டியை மேசை விளிம்புக்கு நேராக வைத்துவிட்டுத்தான் மூடியைத் திறப்பார். இரண்டு பேருடைய சம்பளமும் கைக்கும் வாய்க்குமாக இருந்ததால், ஒரு பழைய வெல்டிங் மெஷினைச் சேர்ந்து வாங்கி, சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் தனி வேலை எடுத்தார்கள். முதலில் துணி காயப்போடும் ஸ்டாண்டு, முக்காலி, தண்ணீர்த் தொட்டிக்குக் கால். பிறகு ஜன்னல் கம்பி. பிறகு கேட். இரண்டு பேருக்கும் எதிரெதிர் வீடு, நடுவில் தெரு; தெருவிலேயே வைத்து அடிப்பார்கள். எட்டு வருஷம் இப்படி ஓடியது. அண்ணன் பேசுகிற ஆளில்லை. பாயிண்ட் வைத்து முடித்ததும் முகவாயை லேசாகத் தூக்குவார், ஓட்டு என்று அர்த்தம். அந்த எட்டு வருஷமும் தம்பி அந்த முகவாயைப் பார்த்தே பிழைத்தான், சந்தோஷமாகவும் இருந்தான்.

பிரிந்தது ஒரு சின்னத் தகட்டினால். கேட்டுக்குக் கீழே, அடித்தவர் பெயரையும் போன் நம்பரையும் போட்டு உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு வைப்பது வழக்கம். தம்பி நூறு தகடு அடித்துக்கொண்டு வந்தான். நூறிலும் அவன் பெயர், அவன் நம்பர். அண்ணனிடம் அப்போது போன் கிடையாது என்பது உண்மைதான். பெயர் இருந்ததே! அதைப் போடுவதற்குத் தகட்டில் இடமும் இருந்தது. அச்சுக்குக் கொடுக்கும்போது அது தனக்குத் தெரிந்தே இருந்தது என்பதை அவன் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. யார் வீட்டு வாசலிலோ குனிந்து செருப்பை மாட்டும்போது அண்ணன் அந்தத் தகட்டைப் படித்தார். மறுநாள் சாயங்காலம் வந்து மூலைமட்டம், கிளாம்பு, டேப்பு, வெட்டும் மெஷின் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குள் போனார். வெல்டிங் மெஷினைத் தொடவில்லை. ஆளுக்கு அரைத் தொழில். அவரால் ஓட்ட முடியாது, இவனால் பிடிக்க முடியாது. பட்டறையில் சொல்லி வேறு ஷெட்டுக்கும் மாற்றிக்கொண்டார். அன்றிலிருந்து தம்பியிடம் ஒரு வார்த்தை கிடையாது.

"பெரிய மூலைமட்டம்! அவரு பாயிண்ட் வைக்கலைன்னா எனக்கு ஓடாதாக்கும்?" என்று தம்பி மனைவியிடம் குதித்தான். குதித்த வேகத்தில் முதல் கேட்டைப் பாயிண்ட் இல்லாமலே ஓட்டினான். அது ஒட்டிக்கொண்டது, பார்க்கவும் அழகாக இருந்தது, வாங்கியவர் பணமும் கொடுத்தார். பிறகென்ன, அதுவே பழகிவிட்டது. பட்டறையில் வேறொரு ஃபிட்டர் அவனுக்குப் பாயிண்ட் வைத்துக் கொடுத்ததால் பேருந்துகள் எதுவும் சுருங்கவில்லை.

நான்காவது வருஷம் குப்பை லாரியின் கண்ணாடி ஒரு சுவரில் உரசி உடைந்தது. டிரைவர் டேப்பை இழுத்துப் பார்த்தான், நான்கடி குறைவு. ஆறாவது வருஷம் சர்வேயர் வந்து, இரண்டு முறை அளந்து, தலையைச் சொறிந்துவிட்டு, பழைய அளவை அடித்துப் புதிய அளவை எழுதினார். பட்டறையில் யாரோ மூலைமட்டத்திடம் போய், "என்னண்ணே, உங்க தெரு இப்படி ஒடுங்குதே?" என்று கேட்டார்கள். "பாயிண்ட் வைக்காம ஓட்டினா இழுக்கத்தானே செய்யும்" என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போய்விட்டார்.

தெருக்காரர்கள் கூச்சல் போட்டிருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். போடவில்லை. தெரு முன்பக்கம் ஒடுங்க ஒடுங்க, வீடுகளுக்குப் பின்பக்கம் இடம் கூடிக்கொண்டே போனது. ஆண்டுக்கு அரையடி ஓசி நிலம், யாருக்குக் கசக்கும்? ஒருவர் குளியலறை கட்டினார், ஒருவர் வாழை வைத்தார், ஒரு ஆசிரியர் பின்னால் ஒரு அறையே இறக்கி வாடகைக்கு விட்டார். கேட் வேண்டும் என்றால் மறுபடியும் அவனிடமே வந்தார்கள், ஏனென்றால் ஊரிலேயே அவன் கூலிதான் குறைவு.

கூலியை அவன் ஏன் அப்படிக் குறைத்தான் என்பது அவன் மனைவிக்கு வெகுநாள் புரியவில்லை. இரும்பு விலை ஏறுகிறது, வெல்டிங் ராடு விலை ஏறுகிறது, இவன் மட்டும் இறங்கிக்கொண்டே போகிறான். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று அந்த வீட்டில் இல்லை. கண் சிவந்து நீர் வழிய வந்து உட்காருகிற புருஷனுக்கு ஈரத்துணி ஒற்றி ஒற்றி அவள் கை ஓய்ந்துபோயிற்று. "நீ என்ன கேட் விக்கிறியா, தர்மம் பண்றியா? பசங்க ஸ்கூல் ஷூ கிழிஞ்சு தொங்குது, அதப் பாத்தியா?" என்று ஒருநாள் கத்தினாள். அவன் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினான். எதிர்வீட்டு ஜன்னல் முன்பு இருந்ததைவிடப் பக்கத்தில் இருந்தது. உள்ளே அண்ணன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவது தெரிந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

ஆமாம், அவன் தெரிந்தேதான் செய்தான். பட்டறை ஃபிட்டர், "ஒரு நாள் வா, பாயிண்ட் வைக்கிறது எப்படின்னு காட்டுறேன், ஒரு மணி நேரத்து வேலை" என்று இரண்டு தடவை கூப்பிட்டான். இரண்டு தடவையும் இவன் போகவில்லை. இன்னும் இத்தனை கேட், இன்னும் இத்தனை வருஷம், அப்புறம் அண்ணன் பேசித்தானே ஆக வேண்டும் என்பது அவன் கணக்கு. கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிற மனுஷனிடம் யார்தான் எத்தனை நாளைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியும்? ஒரே ஒரு வார்த்தை போதும். திட்டினால்கூடப் போதும். அதற்காகத்தான் சம்பாதிக்க வேண்டிய காசையெல்லாம் விட்டுக்கொடுத்தான்.

பதினைந்தாவது வருஷம் சைக்கிள் மட்டும் போனது. பதினாறாவது வருஷம் ஆட்கள் பக்கவாட்டில் நடந்தார்கள். பருமனானவர்கள் பின்னால் கதவு வைத்துக்கொண்டார்கள், மற்றவர்களும் வைத்துக்கொண்டார்கள். பின்வாசலுக்குக் கேட் அடித்ததும் அவன்தான். அங்கே எதிரில் இழுப்பதற்கு வீடு ஏதும் இல்லை. பதினேழாவது வருஷம் தெருவில் பூனைதான் நடந்தது. தம்பி இந்த வீட்டு ஜன்னலில் உட்கார்ந்தால் எதிர்வீட்டில் அண்ணன் தண்ணீர் விழுங்குவது கேட்டது. கிரைண்டிங் தூசி நெஞ்சில் இறங்கி அவர் படுக்கையில் விழுந்திருந்தார், கட்டில் ஜன்னலோரம். இரும்பைத் தரையில் இழுப்பது மாதிரி இருமுவார். சாயங்காலம் ஷிப்ட் விட்டு வந்ததும் தம்பி அந்த இருமலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவான்.

"அண்ணே, மருந்து சாப்டியா?" என்பான். "அண்ணே, பட்டறையில புது மெஷின் வந்திருக்கு." "அண்ணே, அந்தத் தகடு எல்லாத்தையும் பேத்து எடுத்துட்டேன்." பொய். மூன்று நான்கைத்தான் பெயர்த்திருந்தான், மறுநாள் போய் மீதியையும் பெயர்த்தான். அண்ணன் கூரையைப் பார்த்தபடி இருப்பார். ஒரு வருஷம் முழுக்க இப்படியே போயிற்று. ஒரு சாண் தூரத்திலிருந்து ஒரு மனுஷன் இவ்வளவு கல்லாக இருக்க முடியும் என்பதை அவன் எதிர்பார்க்கவில்லை. அவனுக்கு அவமானமாக இருந்தது. அவமானத்தைவிட ஏக்கம் அதிகமாக இருந்தது.

பதினெட்டாவது வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி ஜன்னலுக்கு வந்தாள்.

"தம்பி, உங்கண்ணன் ஒரு வேலை சொல்லச் சொன்னாரு."

அவன் சட்டென்று எழுந்து நின்றான். "சொல்லுங்கண்ணி, என்ன வேலைன்னாலும் சொல்லுங்க."

அண்ணி அவன் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் கம்பியைப் பார்த்துச் சொன்னாள். "இந்த ஜன்னலைத் தகடு வெச்சு அடைக்கணுமாம். எவ்வளவு ஆகும்னு கேக்குறாரு."

அவன் கூலி சொன்னான். என்ன சொன்னோம் என்று பிறகு அவனுக்கு ஞாபகமில்லை. மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றி, பின்வாசல் வழியாக இறங்கி, ரயில் பாதையோரம் நடந்து, பெரிய ரோட்டைச் சுற்றி, மில் மதிலோரமாக அண்ணன் வீட்டுப் பின்வாசலுக்குப் போய்ச் சேரக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பதினெட்டு வருஷத்தில் அந்த வீட்டுக்குள் அவன் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. ஜன்னலின் இரும்புச் சட்டம் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அடித்தது. அண்ணன் கட்டிலில் இந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தார். இருந்த உடம்பில் பாதிதான் மிச்சம்.

தகட்டைச் சட்டத்தின் மேல் வைத்தான், எர்த் வயரை மாட்டினான், ராடை ஹோல்டரில் செருகினான். அப்போது அவனுக்கு ஒரு யோசனை வந்தது. வழக்கம்போல மூலையிலிருந்து ஒரே ஓட்டாக ஓட்டிவிட்டால் மிச்சமிருக்கிற ஒரு சாணும் இழுத்துக்கொள்ளும். சுவரோடு சுவர் சேர்ந்துவிடும். அப்புறம் இந்தத் தகட்டை அறுத்தால் இரண்டும் ஒரே வீடு. மனதுக்குள் அப்படியே முடிவு செய்துகொண்டு வெல்டிங் கண்ணாடியை முகத்துக்குத் தூக்கினான்.

ஒரு கை வந்து ஹோல்டரைப் பிடித்தது. அண்ணன் எழுந்து நின்றிருந்தார். அண்ணி ஓடிவந்து தாங்கப் போனாள், முழங்கையால் விலக்கினார். ஹோல்டரை வாங்கிக்கொண்டு, பரணிலிருந்து மூலைமட்டத்தை எடுக்கச் சொல்லி அண்ணிக்குச் சைகை காட்டினார். மட்டம் வைத்துப் பார்த்தார். நடுங்கிக்கொண்டிருந்த கை பொறி பிடித்ததும் நின்றுவிட்டது. எதிரெதிர் மூலையாக நான்கு பாயிண்ட், பக்கத்துக்கு ஒன்றாக நடுவில் நான்கு. எட்டும் ஒரே அளவு, கடுகளவு கூடக் குறையக் கிடையாது. முடித்துவிட்டு ஹோல்டரைத் தம்பி கையில் கொடுத்தார்.

தம்பி காத்துக்கொண்டு நின்றான். இதோ சொல்லப்போகிறார், இப்போதாவது சொல்லிவிடுவார் என்று அவர் வாயையே பார்த்தான்.

அண்ணன் முகவாயை லேசாகத் தூக்கினார்.

அவன் ஓட்டினான். கண்ணாடிக்குப் பின்னால் அழுதுகொண்டே ஓட்டினான். எட்டு வருஷமும் ஓட்டியது போல, பாயிண்ட்டைத் தொட்டுத் தொட்டு, ஒரு இடத்திலும் கை தடுமாறாமல் போனான். கடைசி இரண்டு அங்குலத்தை மூடியதும் ஓரத்தில் கசிந்த கொஞ்ச வெளிச்சமும் போய் அறை இருட்டாகிவிட்டது. அண்ணி விளக்கைப் போட்டாள். அண்ணன் ஓரத்தில் மட்டம் வைத்துப் பார்த்தார். ஒரு மயிரிழைகூட இழுக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலைகளிலேயே அதுதான் சுத்தமான வேலை என்று தம்பிக்குப் பட்டது. அண்ணன் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அண்ணி கூலியை நீட்டினாள். வேண்டாம் என்றான். கட்டிலிலிருந்து ஒரு கை எழும்பி, வாங்கிக்கொள் என்பதுபோல் அசைந்தது. வாங்கிக்கொண்டான்.

அன்றோடு தெரு ஒடுங்குவது நின்றுபோயிற்று. சர்வேயர் அடுத்த வருஷம் வந்து மொட்டைமாடியிலிருந்து குச்சியை விட்டு அளந்து, அதே ஒரு சாணைப் பதிவேட்டில் எழுதி, தெரு என்ற பத்தியிலிருந்து எடுத்து இடைவெளி என்ற பத்தியில் சேர்த்தார். அதற்குள் அண்ணன் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தகட்டைத் தாண்டி இருமல்கூடக் கேட்காததால், அவர் போன செய்தியைப் பட்டறையில் மேஸ்திரி சொல்லித்தான் தம்பி தெரிந்துகொண்டான். விழுந்தடித்துக்கொண்டு சுற்றி ஓடினான். போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள்.

இப்போது அவன் கேட் அடிப்பதில்லை, தனி வேலை எதுவும் எடுப்பதில்லை. ஒருநாள் பட்டறையிலிருந்து ஒரு வெட்டும் மெஷினை எடுத்துக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போனான். "அண்ணி, அதான் அவரே போய்ட்டாரே. அந்தத் தகட்டை அறுத்து எடுத்துடட்டுமா? உங்களுக்கும் ஒரு பேச்சுத் துணையா இருக்கும்" என்றான்.

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்பா. காத்து வராட்டியும் கொசு வர்றதில்ல" என்றாள்.

அவன் கிட்டே போய் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தான். அவள் சொன்னது சரிதான், ஊசி நுழைய இடமில்லை.