எடுக்கும் நேரம் மாலை நான்கு மணி

என் தம்பியை எடுத்த அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், தம்பியின் மனைவி, அவர்களுடைய மகள், மகளின் கணவர், எங்கள் கேபிள் ஆபீசில் இருபத்திரண்டு வருடமாக லைன்மேனாக இருந்த ஏணி, எதிர்வீட்டுத் தபால்காரர், அவர் மனைவி, பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர், தம்பி மனைவியின் அண்ணன் குடும்பத்தில் நான்கு பேர், தெருக்காரர்கள் ஐந்து பேர். ஆகப் பதினேழு. நான் போடச் சொன்ன நாற்காலிகள் முந்நூறு.

ஏணிக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. பெண் பார்க்கப் போன இடத்திலும் ஏணியை வாசலில் சாத்திவிட்டுத்தான் உள்ளே போனான் என்று தம்பி எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி, ஏணியின் மனைவியே இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

இந்த ஊரில் முதல் டிஷ் நின்றது எங்கள் மாடியில். நிறுத்தியவன் நான். வீடு வீடாகக் கம்பி இழுத்தவன் தம்பி. ஆயிரத்து இருநூறு வீடுகளுக்கு எங்கள் கம்பி போனது. எங்களுக்கென்று ஒரு லோக்கல் சேனலும் உண்டு. ஊரில் யார் இறந்தாலும், வேண்டியவர் வேண்டாதவர் என்று பாராமல், அதில் படம் போடுவோம். கறுப்புப் பின்னணியில் முகம், பெயர், எடுக்கும் நேரம். இதற்காக ஒருவரிடமும் நாங்கள் கை நீட்டியதில்லை. அந்தப் படம் வந்தால் கடைத்தெருவில் பாதிக் கதவு இறங்கும். எங்கள் குடும்பத்துக்கு ஊரில் இருந்த மரியாதை அதனால் வந்தது என்பதை அடக்கத்துக்காக மறைக்க மாட்டேன்.

முழங்கால் கெட்ட பிறகு நான் மாடியோடு தங்கிவிட்டேன். தம்பி தினமும் மாலையில் மேலே வந்து விவரம் சொல்வான். எத்தனை வீடு என்று கேட்பேன். அப்படியேதான் இருக்கிறது என்பான். கைப்பிடிச் சுவரோரம் நின்று பார்த்தால் கம்பத்துக்குக் கம்பம் எங்கள் கறுப்புக் கம்பி போவது தெரியும். அதற்கு மேல் நான் கேட்டதில்லை.

அவன் மருமகன் வேலை பார்ப்பது இன்டர்நெட் இணைப்பு கொடுக்கும் கம்பெனியில். பெண் கொடுக்கும்போதே எனக்கு அது உறுத்தியது. ஒருமுறை சாப்பிடும்போது, இன்னும் கொஞ்ச நாளில் எல்லோரும் போனிலேயே படம், நாடகம், செய்தி எல்லாம் பார்த்துக்கொள்வார்கள், கேபிள் என்று ஒன்று இருந்ததே மறந்துவிடும் என்றார். ஒரே வீட்டில் நாலு பேர் நாலு மூலையில் உட்கார்ந்து நாலு படம் பார்ப்பதற்குப் பெயர் முன்னேற்றமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். தம்பி தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

இறந்த அன்று காலை எட்டரைக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்த தம்பி, ஒரு கை மட்டும் உள்ளே போன நிலையில் கட்டிலில் உட்கார்ந்தான். கம்பவுண்டர் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அவனுக்கு வயது ஐம்பத்தெட்டு. என்னைவிடப் பதினான்கு வயது இளையவன்.

நான் கீழே இறங்கி வந்து ஆக வேண்டியதைப் பார்த்தேன். ஏணியைக் கண்ட்ரோல் ரூமுக்கு அனுப்பிப் படம் போடச் சொன்னேன். வாசகம் நானே சொன்னேன். 'நமது கேபிள் உரிமையாளர்களில் இளையவர்' என்று தொடங்கி, 'எடுக்கும் நேரம் மாலை நான்கு மணி' என்று முடித்தேன். ஏணி எழுதிக்கொண்டு, போகாமல் நின்றான். என்ன என்றேன். ஒன்றுமில்லை என்று போய்விட்டான்.

தம்பி மகள் போனை எடுத்துக்கொண்டு வந்தாள். அழுது அவள் குரல் கம்மியிருந்தது.

"பெரியப்பா, ஊர் குரூப்ல எல்லாம் போட்டுடறேன். ரெண்டே நிமிஷம்."

வேண்டாம் என்றேன். காலை வணக்கமும் தள்ளுபடி விளம்பரமும் வந்து விழுகிற இடத்தில் என் தம்பியின் முகம் வரக்கூடாது. ஊராருடைய சாவையெல்லாம் எந்த வழியில் சொன்னோமோ, எங்கள் வீட்டுச் சாவையும் அந்த வழியில்தான் சொல்வோம் என்றேன். மருமகன் ஏதோ சொல்ல வந்தார். அவர் கம்பெனி விளம்பரத்துக்கு இது நேரமில்லை என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். சொன்னேன்.

பன்னிரண்டு மணிக்கு வீட்டாரையும் சேர்த்துப் பதினேழு பேர். இரண்டு மணிக்கும் பதினேழு பேர். கூடத்து டிவியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தம்பியின் படம் வந்து போனது. வாசலில் வரிசையாகப் போட்ட நாற்காலிகள் தெருமுனை வரை காலியாகக் கிடந்தன. பின்வரிசையில் ஒரு நாய் ஏறிப் படுத்துக்கொண்டது. தபால்காரர் அதை விரட்டிவிட்டு வந்து என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தார்.

உள்ளே தம்பியின் மனைவி மகளிடம் சொல்வது எனக்குக் கேட்டது. "ஊர்ல அத்தன பேரு சாவுக்கும் ஓடி ஓடிப் படம் போட்டாரு. அவருக்கு வர்றதுக்கு ஆளில்லையே."

மூன்றரைக்கு ஏணியைத் தனியே கூப்பிட்டேன். லைனில் ஏதாவது கோளாறா என்று கேட்டேன்.

"லைன் நல்லா போகுது பெரியண்ணே."

"அப்புறம் ஏன் ஒருத்தரும் வரல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "பாக்குறதுக்கு வீடு இல்ல பெரியண்ணே. நாப்பத்தொரு வீடுதான் இருக்கு. அதுலயும் பாதி, கண்ணு தெரியாத பெருசுங்க."

மீதி வீடுகள் எங்கே என்றேன். எல்லாம் போனுக்கும் இன்டர்நெட்டுக்கும் போய் மூன்று வருடம் ஆகிறது என்றான். நான் மாடிப் பக்கம் கை காட்டினேன். கம்பி போகிறதே என்று கேட்டேன்.

"அந்த நாப்பத்தொரு வீட்டுக்குப் போறது தவிர மத்ததுல ஒண்ணும் போகல. கழட்டிடவான்னு கேட்டேன். வேணாண்டா, அண்ணன் மேலேருந்து பாப்பாரு, அப்படியே கெடக்கட்டும்னாரு சின்னண்ணன். மழைல அறுந்து விழுந்தாக்கூட ரெண்டு பேருமா போய் எடுத்துக் கட்டுவோம்."

நான் அருகே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். தம்பி மகள் மறுபடியும் வந்தாள். போன் கையிலேயே இருந்தது.

"இப்பவாச்சும் அனுப்பட்டுமா பெரியப்பா? ஒரு மணி நேரம் தள்ளி எடுத்தா எல்லாரும் வந்துடுவாங்க. அப்பாவுக்காக."

ஒரு மணி நேரம் தள்ளியிருக்கலாம். வண்டிக்காரர் தடை சொல்லியிருக்க மாட்டார். ஆனால் போட்ட நேரத்தை மாற்றி ஆட்களைக் கூப்பிட்டால், எங்கள் படத்தைப் பார்க்க யாருமில்லை என்பதை நாங்களே ஊருக்குச் சொன்னதாக ஆகும். அவன் மூன்று வருடம் மறைத்ததை அவன் உடலை வைத்துக்கொண்டே நான் வெளியே விட வேண்டும். அன்று எனக்குத் தோன்றியது இதுதான்.

"நாலு மணின்னு போட்டாச்சு. நாலு மணிக்கு எடுக்கணும்," என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு இன்றுவரை அவள் என்னை பெரியப்பா என்று கூப்பிட்டதில்லை.

நான்கு மணிக்கு எடுத்தோம். முழங்கால் தாங்காததால் நான் வண்டியில் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டேன். கடைத்தெருவில் எல்லாக் கடைகளும் திறந்திருந்தன. போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்து, கும்பிட்டுவிட்டு, திரும்பவும் குனிந்துகொண்டார்கள். தையல்காரர் ஒருவர் மட்டும் கடையிலிருந்து எட்டிப் பார்த்து, யார் என்று ஏணியிடம் கேட்டார். அவருடைய தாயார் இறந்தபோது இரண்டு நாள் படம் போட்டவன் தம்பி. ஏணி சொன்னதும் அளவு நாடாவைக் கழுத்திலேயே போட்டுக்கொண்டு, செருப்பில்லாமல், கடைசி வரை வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது ஏணியிடம். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதமே கண்ட்ரோல் ரூமைப் பூட்டினோம். கம்பியை ஏணி தெருத் தெருவாகக் கழற்றிச் சுருட்டினான்.

இப்போது ஊரில் ஒரு பேச்சு நடக்கிறது. கேபிள்காரர் கறாரான மனிதர், இரக்கமில்லாமல் இணைப்பைத் துண்டித்தவர், அதனால்தான் ஊரே அவர் சாவை ஒதுக்கியது என்கிறார்கள். அது பொய். என் தம்பியை ஊர் ஒதுக்கவில்லை. அவன் இறந்தது ஊருக்குத் தெரியாது. தெரிவிக்க வேண்டாம் என்று காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் தடுத்தவன் நான்.