இடது சிலிண்டர்

நூர் முகமது பாட்டிலிலிருந்த தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி, ஓடிக்கொண்டிருந்த வண்டியின் வலதுபக்கப் புகைக்குழாயில் தெளித்தார். சுர்ரென்று ஆவியாகிப் போனது. அடுத்து இடதுபக்கக் குழாயில் தெளித்தார். தண்ணீர் முத்து முத்தாக அங்கேயே நின்றது. பிறகு ஒவ்வொன்றாக உருண்டு மண்ணில் விழுந்தது.

"பாத்துக்கம்மா. இது வேலை பாக்குது. இது மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை, சும்மா கூட உக்காந்திருக்கு."

வினோலியா சிரிக்கவில்லை. அவர் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். திண்டுக்கல் பேகம்பூரில் பழைய டூ ஸ்ட்ரோக் பைக்குகளை மட்டும் பழுது பார்க்கிற மனிதர். வர மாட்டேன் என்று மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். செத்தவன் ஓட்டிய வண்டியைத் தொடுவதற்கு அவருக்கும் கூச்சம் இருந்தது. கூச்சம் வந்தால் அவர் பேசிக்கொண்டே இருப்பார்.

தென்னந்தோப்பின் பம்புசெட் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த வண்டி அது. பைக்கில் உட்காருவது போல உட்கார்ந்து ஓட்ட வேண்டும், ஆனால் பருத்த நான்கு சக்கரங்கள். இரண்டு சிலிண்டர். வெளிநாட்டில் பிறந்து, யார் யார் கையிலோ மாறி, கடைசியில் சித்தையன்கோட்டைப் பக்கம் மதியழகனின் தோப்புக்கு வந்து சேர்ந்திருந்தது. தேங்காய் விலை படுத்துக்கொண்ட வருஷம் அவர் தோப்பில் பாதியை மண்மேடும் பள்ளமும் வளைவுமாக மாற்றி, வாசலில் சாகசப் பூங்கா என்று பலகை வைத்தார். கொடைக்கானல் போகிற கார்கள் அங்கே நின்றுவிட்டுப் போயின. வினோலியாவின் தம்பி மிக்கேல்ராஜுக்கு அங்கே வண்டி ஓட்டிக் காட்டுகிற வேலை. தீபாவளி லீவுக் கூட்டத்தின் முன்னால் அவன் தனியாக ஓட்டிக் காட்டியபோது, மேட்டின் உச்சியில் நிற்க வேண்டிய வண்டி நிற்கவில்லை. அந்தப் பக்கத்துத் தென்னையில் போய் மோதியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவன் போய்விட்டான்.

யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அதில் இன்ஜின் அலறுகிறது, வண்டி பறக்கிறது, அவ்வளவுதான். "பொம்பளப் புள்ளைக பாத்தா இவனுக்கு ஏறிரும்" என்று மதியழகன் விசாரிக்க வந்தவர்களிடம் சொன்னார். பிரேக்கைப் பார்த்தவர்கள் நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்கள். இன்ஜினை யாரும் திறக்கவில்லை. நினைவுத் திருப்பலி முடிந்து கோயில் வாசலில் காப்பி குடித்தபடி சொந்தக்காரர் ஒருவரே சொன்னார்: "நல்ல பையன்தான். ஆட்டம் ஜாஸ்தி." அம்மா வியாகுலம்மாளின் காதில் அது விழுந்தது. அதற்குப் பிறகு அம்மா கோயிலுக்கும் போகவில்லை, கடைக்கும் போகவில்லை. மகனை அடக்கம் செய்தவளாக இருந்த அம்மா, மகனைச் சரியாக வளர்க்காதவளாக ஆகிவிட்டாள். அந்த ஒரு சொல்லை வினோலியாவால் விழுங்க முடியவில்லை. காந்திகிராமத்தில் அவள் வேலை பார்க்கிற நூலகத்தில், புத்தகங்களை அடுக்கும்போது கை அடுக்கும், பல் கடித்துக்கொண்டிருக்கும். ஆட்டம். ஆட்டம். ஆட்டம்.

ஏனென்றால் அவளுக்கு ஒன்று தெரியும். விபத்துக்கு முந்தின வாரம் தம்பி போனில் சொல்லியிருந்தான். "அக்கா, வண்டி ஒத்த சிலிண்டர்லதான் ஓடுது. மேட்டுல ஏற மாட்டேங்குது. மொதலாளிட்ட சொன்னேன். லீவுக் கூட்டம் முடியட்டும், அதுவரைக்கும் நல்லா அமுக்கி ஓட்டுடான்னுட்டாரு." மேட்டில் ஏறவே திணறுகிற வண்டி எப்படிப் பறந்தது? இதை அவள் விசாரிக்க வந்தவர்களிடம் கேட்டாள். "உங்களுக்கு வண்டியப் பத்தி என்னம்மா தெரியும்" என்றார்கள். தெரியாதுதான். அதனால்தான் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பூசைக்குப் போவதாக அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, மதியழகன் ஒட்டன்சத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து. பொங்கலுக்குப் பூங்காவை மறுபடி திறக்கப் போகிறார்கள். இந்த வண்டியைப் பழைய இரும்பாகத் தூக்கிப்போடப் பேசி முடித்தாயிற்று என்று தோப்புக் காவல் ஆண்டிச்சாமிதான் சொல்லி அனுப்பினார். அன்றைக்கு மிக்கேல்ராஜைத் தூக்கிப் போய் காரில் கிடத்தியவர் அவர்.

நூர் முகமது இன்ஜினை அணைத்தார். இடதுபக்க பிளக்கைக் கழற்றி, இன்ஜின் உலோகத்தின் மேல் வைத்து, கிக்கரைக் காலால் உதைத்தார். நீலமாகப் பொறி அடித்தது.

"கரண்டு வருது." இரண்டு பிளக்குகளையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டினார். வலது எரிந்தது, இடது எரியவில்லை. "பிளக்கு மேல தப்பில்ல." பிளக் இருந்த ஓட்டையைக் கட்டை விரலால் அடைத்துக்கொண்டு மறுபடி உதைத்தார். காற்று விரலைத் தள்ளியது. "அமுக்கமும் இருக்கு. அப்ப சோறு போகல. பெட்ரோல்தான்."

இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனிக் கார்புரேட்டர். இடதின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினார். பெட்ரோல் நிறைய இருந்தது. பெட்ரோல் ஏறுகிற சின்னத் துளையான ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஊதினார், மாட்டினார். ஓட்டினால் அதே கதை. நூர் முகமது உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டார்.

"இன்ஜினைப் பொளக்கணும் போலம்மா. இங்க வச்சு ஆகாது. விட்ருவமா?"

"விடுறதுக்கா பாய் உங்களக் கூட்டியாந்தேன்?"

"கோவிச்சுக்காத."

"உங்க மேல இல்ல."

"தெரியும். இருந்தாலும் பக்கத்துல நான்தான இருக்கேன்."

பீடியை அணைத்துவிட்டு அவர் கார்புரேட்டரின் வாயில் விரலை விட்டார். விட்ட விரலை எடுத்துப் பார்த்தார். புழுதி. குனிந்து பார்த்தார். முகம் மாறியது.

"ஏய்யா ஆண்டிச்சாமி, ஏர் பில்டர் எங்க?"

ஆண்டிச்சாமி துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "அது... மண்ணு அடைச்சு அடைச்சு வண்டி இழுக்கலன்னு மொதலாளி கழட்டச் சொல்லிட்டாரு. ரெண்டு நாளைக்கு ஒருக்கா கழுவணும்ல. அந்தத் தம்பி வேணாம்னுதான் சொன்னுச்சு."

"யாரு கழட்டுனது?"

"நாந்தேன் தாயி" என்றார் ஆண்டிச்சாமி, நூர் முகமதுவிடம் அல்ல, வினோலியாவிடம். "கழட்டுன்னாரு. கழட்டுனேன்."

கார்புரேட்டரின் மேல்மூடியை நூர் முகமது திருகிக் கழற்றினார். அதோடு சேர்ந்து ஒரு சின்ன உலோக உருளையும் அதன் அடியில் ஊசியும் கேபிளில் தொங்கியபடி வெளியே வர வேண்டும். பாதியில் மாட்டிக்கொண்டது. மெல்ல ஆட்டி இழுத்தார். ஊசியைச் சுற்றிக் கறுத்த எண்ணெயில் ஊறிய நூல் போல ஒன்று. நகத்தால் ஒரு முனையைக் கிளப்பினார். அதில் ஒரு முடிச்சு, முடிச்சுக்குள் எண்ணெய் குடித்து மக்கிப்போன பூக்காம்பு.

"வாழை நாரு" என்றார்.

யாரும் கேட்காமலே ஆண்டிச்சாமி சொன்னார்: "ஆயுத பூஜைக்குப் போட்ட மாலை. காஞ்சு தானா உதிரட்டும், கழட்டக் கூடாதும்பாரு மொதலாளி. ஹாண்டில்லயே கெடந்துச்சு. மல்லி மாலை, நெலக்கோட்டையில இருந்து வந்தது."

நூர் முகமது நாரை இழுக்காமல், உருளையை மட்டும் மேலும் கீழும் அசைத்துக் காட்டினார். அவர் குரல் தணிந்திருந்தது, கேலி போயிருந்தது. "பாரு. பில்டர் இல்லாத வாய் வழியா நார உள்ள இழுத்துக்கிட்டு ஊசியில சுத்திருச்சு. பெட்ரோல் வர்ற துளைய அடைக்குது. அதனால எடது எரியல. முழுசா அமுக்குனா ஊசி மேல போகும், துளை தொறக்கும், எடது திடீர்னு எரியும். ஒத்தையில போற வண்டி ஒரே அடியா ரெட்டையாயிரும். கையை எடுத்தா இது கீழ எறங்கணும்ல? இந்தா பாரு, நாரு எடையில சிக்கி நிக்குது. எறங்கல. கையெடுத்தும் வண்டி ஓடும்மா. அந்தப் பய கைய எடுத்திருப்பான். எடுத்தும்..."

 வினோலியா அந்த உருளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீடியோவில் கடைசியில் மிக்கேல்ராஜின் வலது கை காற்றில் விரிந்திருக்கும். அதைத்தான் எல்லோரும் ஆட்டம் என்றார்கள். கூட்டத்தைப் பார்த்துக் கை காட்டினான் என்றார்கள். அவன் கையை எடுத்திருக்கிறான். எடுத்துவிட்டேன், ஏன் நிற்கவில்லை என்று இந்தக் கழுதை வண்டியிடம் காட்டியிருக்கிறான்.

அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது வேறு. காதுமடல் சூடாகி, கண்ணுக்குள் வெளிச்சம் குத்தியது.

"எடுத்துப் போட்டுட்டா ரெண்டும் எரியும்" என்று நூர் முகமது நாரின் முனையைப் பிடித்தார்.

"எடுக்காதீங்க."

"ஏம்மா?"

"எடுத்துட்டா இது நல்ல வண்டி. போட்டோ எடுத்துக்கிறேன். அப்புறம் இருந்தபடியே மூடுங்க."

அவள் முழங்கையை விலாவில் ஊன்றிப் போனில் படம் எடுத்தாள். அவர் மூடினார். மூடி முடிக்கும்போது தோப்பின் முகப்பில் கார் நின்றது. யாரோ போன் செய்திருக்க வேண்டும். பட்டு வேட்டியோடு, நெற்றியில் கல்யாண வீட்டுச் சந்தனத்தோடு மதியழகன் இறங்கி வந்தார்.

"வாம்மா வினோலியா. ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாம்ல? மிக்கேலு எனக்குப் புள்ள மாதிரி. அவன் வண்டியப் பாக்க ஆசைப்பட்டா நான் வேணாம்னா சொல்லப் போறேன்?"

"வண்டியில என்ன கோளாறு அண்ணே?"

"கோளாறா? அதான் பாத்து எழுதிட்டுப் போய்ட்டாங்கல்ல. நல்ல வண்டிம்மா. ஓட்டத் தெரிஞ்சு ஓட்டணும். வயசுப் பய, ஆட்டம்..."

"ஸ்டார்ட் பண்ணுங்க பாய்" என்றாள் வினோலியா.

நூர் முகமது அவளைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லப் போனவர் சொல்லாமல் உதைத்தார். இன்ஜின் பொட் பொட்டென்று நொண்டியடித்து ஓடத் தொடங்கியது. வலது குழாயிலிருந்து மட்டும் நீலப் புகை.

"ஏறுங்கண்ணே" என்றாள். "நல்ல வண்டிதான? அந்த மேட்டுல ஒரு தடவ ஏத்திக் காட்டுங்க. நான் இங்கனயே நிக்கிறேன். காட்டிட்டீங்கன்னா என் தம்பி ஆட்டம் போட்டுத்தான் செத்தான்னு நானே கோயில் மைக்கில சொல்றேன்."

மதியழகன் சிரித்தார். வண்டியைப் பார்த்தார். கார்புரேட்டரின் திறந்த வாயில் அவர் கண் ஒரு கணம் நின்று விலகியது. "முதுகு வலிம்மா எனக்கு. இந்த வேட்டியக் கட்டிக்கிட்டு..." சிரிப்பு அப்படியே இருக்க, குரல் மட்டும் திரும்பியது. "ஏலே ஆண்டி. நீ ஏறு. ஒரு சுத்து சுத்திக் காமிச்சுட்டு வா."

ஆண்டிச்சாமி அசையவில்லை.

"ஏலே, காதுல விழுகலையா?"

"விழுகுதுங்க."

"அப்புறம்?"

ஆண்டிச்சாமி தோளிலிருந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பின்னால் ஓர் அடி வைத்தார். இன்னும் ஓர் அடி. ஒரு தென்னையில் முதுகு இடித்ததும் அங்கேயே நின்றுகொண்டார்.

மதியழகன் காரைத் திரும்பிப் பார்த்தார், நூர் முகமதுவைப் பார்த்தார், வினோலியாவை மட்டும் பார்க்கவில்லை. யாரும் இன்ஜினை அணைக்கவில்லை. நான்கு பேருக்கும் நடுவில் அது நொண்டியடித்தபடி ஓடிக்கொண்டிருந்தது. ஆளில்லாத இருக்கை மட்டும் விடாமல் அதிர்ந்தது. அதன் மேல் படிந்திருந்த புழுதி சன்னமாக, ஒரே பக்கமாகச் சரிந்து விழுந்துகொண்டிருந்தது.