ஏழாவது சுருக்கு

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, தேயிலைத் தோட்டத்தின் ஆறாம் நம்பர் மலைக்கு மேலே ஓடை திரும்பும் இடத்தில் சர்மிளா அந்தக் கம்பியைக் கண்டாள். கொழும்பிலிருந்து வரும் நான்கு பேரை மறுநாள் விடியற்காலை அவள் அழைத்துப்போக வேண்டிய பாதை அது. நோர்வூட் முத்துலிங்கத்தின் ஜீப் எதுவரை ஏறும், எங்கே இறங்கி நடக்க வேண்டும், எந்தப் பாறைக்கு எதிரே உட்கார்ந்தால் மனித வாடை புலிக்குப் போகாது என்றெல்லாம் நான்கு மாதமாகத் திட்டம் போட்டு வைத்திருந்தாள்.

சிறுத்தையைத்தான் தோட்டத்தில் புலி என்பார்கள். ஆராய்ச்சி செய்ய வந்த ஒருவருக்கு இரண்டு வருடம் கேமரா சுமந்து, மரத்துக்கு மரம் கட்டி, அவிழ்த்துப் பழகியவள் சர்மிளா. அவர் போன பிறகும் அந்தக் காடு அவளை விடவில்லை. பெரிய சரணாலயங்களில் ஒரு புலியைச் சுற்றி இருபது ஜீப் நிற்கிறது. இங்கே தேயிலை முடிந்து சரணாலயம் தொடங்குவதற்குள் கிடக்கும் ஓரக்காட்டுக்கு யாரும் வருவதில்லை. அமைதியாகப் பார்க்க விரும்புகிறவர்கள் சிலராவது இருப்பார்கள் என்று நினைத்தாள். கண்டிக்குப் போய்ப் பத்து நாள் வழிகாட்டிப் பயிற்சியும் எடுத்தாள். நாளை வருகிறவர்கள்தான் முதல் ஆட்கள்.

இரண்டு புதர்களுக்கு நடுவே, முழங்கால் உயரத்தில், வட்டமாகத் தொங்கியது சுருக்கு. ஆட்டோவின் கிளச் கேபிள். நுனி பிரியாமல் இருக்க மஞ்சள் டேப் சுற்றியிருந்தது. அப்படிச் சுற்றுகிற ஆள் யாரென்று அவளுக்குத் தெரியும்.

கம்பியை, அதைக் கட்டியிருந்த ஆப்போடு பிடுங்கிக்கொண்டு, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்கு இறங்கினாள். அவள் கணவன் ஜீவராஜ் தண்ணீர்ப் பீலியடியில் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான். கம்பியைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தான்.

“பன்னி மூணு பாத்தி உருளக்கெழங்கயும் தோண்டிப் போட்டிருச்சு. நீ அப்ப கண்டியில இருந்த. ஒனக்கு எங்க தெரியப்போவுது?”

“பதினாறு நாளாச்சு நான் வந்து. ஒரு வார்த்த சொன்னீங்களா?”

“சொன்னா எடுக்கச் சொல்லுவ.”

“எத்தன போட்டீங்க?”

“ஏழு.”

“வாங்க. எல்லாத்தயும் எடுக்கணும். இன்னைக்கே.”

அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு இருவரும் ஏறினார்கள்.

காலையில் பிடுங்கியதோடு சேர்த்துப் பத்து மணிக்குள் நான்கு கிடைத்தன. ஒன்றில் செத்து உலர்ந்த முயல் கிடந்தது. ஜீவராஜ் அதைப் பார்க்காததுபோல் கம்பியை மட்டும் அறுத்துச் சுருட்டினான். ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் ஆளுயர மானாப்புல்லுக்குள் தவழ வேண்டியிருந்தது. கைகளில் புல் கிழித்த கோடுகள் எரிந்தன. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இதற்கு நடுவே கொழும்பிலிருந்து கேதீஸ்வரி மூன்று தடவை அழைத்துவிட்டார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாளைய பயணத்துக்கு நண்பர்களைச் சேர்த்தவர் அவர்தான்.

“பிள்ளை, கறுப்புச் சட்டை போடலாமோ? இல்லாட்டி பச்சைதான் போடவேணுமோ?”

“எதுனாலும் பரவாயில்லங்க மிஸ். வெள்ள மட்டும் வேணாம்,” என்றாள் சர்மிளா. மூச்சிரைப்பது அந்தப் பக்கம் கேட்டுவிடுமோ என்று பயந்து சீக்கிரமாகத் துண்டித்தாள்.

ஏழாவது எங்கே என்று ஜீவராஜுக்கு நினைவில்லை.

“விழுந்த மரம் ஒண்ணு. அதுக்குப் பக்கத்துலதான்.”

காட்டில் விழுந்த மரங்களுக்கா பஞ்சம்? ஒவ்வொரு மரமாகப் போனார்கள். பார்த்த மரத்துக்கே மறுபடி வந்தார்கள். அவன் நின்று நின்று யோசித்தான். பிறகு வேறு பக்கம் ஓடினான். சர்மிளாவுக்கு உட்காரவும் முடியவில்லை, அவன் பின்னால் போகவும் பிடிக்கவில்லை. கோபத்தைக் கொட்டினால் இருக்கிற ஞாபகமும் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு அவன் கூப்பிட்ட குரலே சரியாக இல்லை.

பட்டுப்போய் விழுந்த டர்பன்டைன் மரம். ஆப்பு அடித்த இடத்தில் குழி மட்டும் இருந்தது. ஆப்பும் இல்லை, கம்பியும் இல்லை. சுற்றிலும் மண் உழுததுபோல் கிளறிக் கிடந்தது. மரப்பட்டை நார்நாராகக் கிழிந்திருந்தது.

“பன்னியா இருக்கும்,” என்றான்.

சர்மிளா குனிந்து மரத்தடியில், மழை நனைக்காத ஒரு சாண் மண்ணைப் பார்த்தாள். ஒரே ஒரு தடம். உருண்டையாக, நான்கு விரல், நகம் பதியாமல்.

“பன்னி இல்ல.”

ஜீவராஜ் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். “செத்திருக்குமா?”

“செத்திருந்தா இங்கயே கெடக்கும். கம்பியோட போயிருக்கு. இடுப்புல மாட்டியிருந்தா அசைய அசைய இறுகும்.”

“எப்ப மாட்டுச்சோ.”

“கிழிச்ச பட்ட இன்னும் காயல. நேத்து ராத்திரியா இருக்கும்.”

வனஜீவராசிகள் அலுவலகத்து எண் அவள் போனில் இருந்தது. அதை எடுத்தாள். சொன்னால் இவனைப் பிடித்துப்போவார்கள். வழிகாட்டியின் புருஷனே கம்பி போட்டான் என்ற பேச்சு ஹட்டன் வரைக்கும் போகும். அதற்கப்புறம் யார் அவளை நம்பி வருவார்கள்? எண்ணை அழுத்தி, மணி அடிப்பதற்குள் துண்டித்தாள். மறுபடி அழுத்தினாள். மறுபடியும் துண்டித்தாள்.

“யாரு போட்டாங்கன்னு சொல்லாம, கண்டோம்னு மட்டும் சொல்லலாமா?” என்றான் அவன்.

அதையேதான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த வெட்கத்தில் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மழை சற்று விட்டது. மேலே எங்கோ, புல்லுக்குள்ளிருந்து, மரம் அறுப்பதுபோல் புலியின் சத்தம் வந்து நின்றது. இருவரும் அசையாமல் இருந்தார்கள். இரண்டாம் முறை அது வந்தபோது பாதியிலேயே உடைந்துபோயிற்று.

ஜீவராஜ் அவள் கையிலிருந்து போனை வாங்கி எண்ணை அழுத்தினான். அவனுக்குத் தெரிந்த சிங்களத்தில் இடத்தைச் சொன்னான், தடத்தைச் சொன்னான். யார் போட்டது என்று கேட்டிருப்பார்கள். “மம தமயி தெம்மே,” என்றான். நான்தான் போட்டேன். பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

கிட்டப் போக வேண்டாம், மிருக மருத்துவர் வெகுதூரத்திலிருந்து வர வேண்டும், காலையில்தான் தேட முடியும் என்று சொல்லியிருந்தார்கள். லயத்துக்கு இறங்கியதும் சர்மிளா கேதீஸ்வரியை அழைத்தாள்.

“மிஸ், நாளைக்கு வர வேணாங்க.”

“என்ன பிள்ளை சொல்லுறீர்? நாங்கள் ஹட்டனுக்கு வந்திட்டம். ரயிலால இப்பத்தான் இறங்கினனாங்கள்.”

சர்மிளா நடந்ததைச் சொன்னாள். தன் கணவன்தான் என்பதையும் சொன்னாள்.

“சரி,” என்றார் கேதீஸ்வரி. “வந்தது வந்திட்டம். றோட்டில நிண்டாவது பாக்கிறம், அது உயிரோட வருதோ எண்டு.”

அன்றிரவு கணவனும் மனைவியும் கண் மூடவில்லை.

காலையில் மருத்துவரும் நான்கு அலுவலர்களும் வந்தார்கள். தடத்தைத் தொடர்ந்து வழி காட்டியது சர்மிளாதான். ஒன்பது மணிக்கு மானாப்புல்லுக்குள் அதைக் கண்டார்கள். இழுபட்டு வந்த ஆப்பு இரண்டு வேர்களுக்கிடையே சிக்கியிருந்தது. பின்னங்கால்களுக்கு முன்னால் கம்பி தோலுக்குள் புதைந்திருந்தது. ஆட்களைக் கண்டதும் எழ முயன்றது, முடியவில்லை. உறுமக்கூட அதற்குத் தெம்பில்லை. இடது காதில் இருந்த வெட்டைப் பார்த்ததும் சர்மிளாவுக்கு எந்தப் புலி என்று தெரிந்துவிட்டது. அவள் கட்டிய கேமராவில் முதன்முதலாக விழுந்த பெண்புலி.

மருத்துவர் மயக்க ஊசி போட்டு, கம்பியை வெட்டி, காயத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “இன்னும் ஒரு நாள் போயிருந்தால் பிணத்தைத்தான் தூக்கியிருப்போம்,” என்றார் சிங்களத்தில். இப்போதும் அவர் உறுதி எதுவும் சொல்லவில்லை.

தூக்குவதற்கு ஆள் போதவில்லை. ஜீவராஜைக் கூப்பிட்டார்கள். புலியைக் கிடத்திய கித்தானின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு வழுக்கும் ஓடைக்கரையில் அவன் இறங்கினான். முழு வழியும் அவன் பார்வை அந்த மிருகத்தின் வயிறு ஏறி இறங்குவதிலேயே இருந்தது.

ரோட்டில் முத்துலிங்கத்தின் ஜீப்புக்குப் பக்கத்தில் நான்கு பேரும் நின்றிருந்தார்கள். ஈரச்சாக்கு போர்த்திய உடல் அவர்களைக் கடந்து போயிற்று. நாக்கு வெளியே தொங்கியது. ஒருவர் போனைத் தூக்கினார். கேதீஸ்வரி அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

புலியை ஒரு வண்டியிலும் ஜீவராஜை இன்னொரு வண்டியிலும் ஏற்றினார்கள். சர்மிளா இரண்டு வண்டிகளையும் பார்த்தபடி நின்றாள். எதன் பின்னால் ஓடுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை பிணையில் வந்தான். வழக்கு அடுத்த மாதம். லயத்தில் பாதிப் பேர் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மற்றப் பாதி, காட்டிக்கொடுத்தவள் என்று சர்மிளாவிடம் பேசவில்லை. வியாழக்கிழமை மருத்துவர் அழைத்தார். புலி கொஞ்சம் இறைச்சி தின்றிருக்கிறதாம், ஆனால் பின்னங்கால் இன்னும் ஊன்றவில்லையாம்.

அன்று பின்னேரம் அவள் காலில் சப்பாத்தைப் போட்டாள்.

“எங்க போற?” என்றான் ஜீவராஜ்.

“நீங்க மட்டுமா கம்பி போட்டீங்க? வீடு வீடாக் கேக்கப் போறேன்.”

“வெரட்டுவாங்க.”

“வெரட்டட்டும்.”

“நான் கேக்குறேன். நீ கேட்டா சொல்லமாட்டாங்க,” என்று அவன் சட்டையை மாட்டினான்.

இருவருமாகப் போன முதல் இரண்டு வீட்டில் தெரியாது என்றார்கள். மூன்றாவதில் கதவே திறக்கவில்லை. நான்காவது ராக்காயியின் வீடு. அவள் புருஷன் வீரய்யா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். ஜீவராஜ் கேட்டதும் உள்ளே போனார். ராக்காயி நிலைப்படியிலேயே நின்றாள்.

“என் கீரைய யாரு பாப்பாங்க? பன்னிக்கு வக்காலத்து வாங்க வந்தீங்களா?” என்றாள்.

“அதுக்கும் ஒரு வழி பாக்கணும் அக்கா,” என்றாள் சர்மிளா.

வீரய்யா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு வெளியே வந்தார். “என் கம்பி ஓடைக்கு அந்தப் பக்கம்,” என்றார். “வெளிச்சம் இருக்கும்போதே போயிருவோம்.”

மூவரும் லயத்துக்குப் பின்னால் ஏறத் தொடங்கினார்கள்.