பலகையின் பச்சைப் பக்கம்

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சட்டைக் காலரை விரலால் நீவிப் பார்த்தாள் அக்காக்காரி. ஒரு சுருக்கம் இன்னும் போகவில்லை. மறுபடியும் அழுத்தினாள். பத்து மணிக்குள் துணி வந்தால்தான் உடம்புக்கு உடுத்தித் தர முடியும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஒரு சட்டை, ஒரு பேண்ட், உள்ளாடை. செருப்பு வேண்டாம்.

"அந்த நீலம் வேணாம்க்கா," என்றாள் தம்பி மனைவி. உள்ளறைக் கட்டிலின் விளிம்பில் ராத்திரி உட்கார்ந்தவள் அப்படியேதான் இருந்தாள். "கழுத்துப் பட்டன் போட்டா மூச்சு முட்டுதும்பார்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அக்காக்காரி நீலச் சட்டையை மடித்து வைத்துவிட்டு, கட்டம் போட்டதை எடுத்து விரித்தாள்.

ஒன்பது மணிக்கு வனக் காவலர் வருவார். நேற்று நடந்ததை நேரம் போட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதற்குள் தம்பி மனைவியிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ராத்திரி முழுக்க நேரம் இருந்தது, வாய் வரவில்லை. இப்போது மணி எட்டரை.

செத்துப்போன தம்பிக்காரனுக்குக் காட்டில் 'கரடி' என்று பெயர். உடம்பெல்லாம் சேறு அப்பிக்கொண்டு மரங்களுக்கு இடையிலிருந்து வெளியே வருவதைப் பார்த்து மெக்கானிக் வைத்த பெயர் அது. பள்ளத்தாக்குக்குள் இறங்கும் ஆறு கிலோமீட்டர் சைக்கிள் பாதை அவன் பொறுப்பு. சரிந்த கல்லை அடுக்குவது, விழுந்த மரத்தை அறுப்பது, வளைவுகளில் மண்ணை மேடேற்றுவது எல்லாம் அவன்தான். மேலே, பாதை தொடங்கும் இடத்தில், சைக்கிள் வாடகைக்கு விடும் ஷெட் அக்காக்காரியுடையது. மெக்கானிக்குக்கும் அங்கேதான் வேலை.

அது சுண்ணாம்புப் பாறைப் பகுதி. மழை பெய்தால் பாறை சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும். அதைவிட மோசம், அடியில் நடப்பது. தண்ணீர் பாறையைக் கரைத்துக் கரைத்து உள்ளே வெற்றிடமாக்கி வைத்திருக்கும். மேலே பார்த்தால் இலைச் சருகும் செடியுமாக ஒன்றும் தெரியாது. ஒருநாள் மண் பொலபொலவென்று உள்ளே இறங்கி ஒரு குழி திறக்கும். 'வாய்' என்பார்கள் அதை. அதனால் மழை பெய்த மறுநாள் காலையில் கரடி மட்டும் முதலில் இறங்குவான். பாதை நெடுகப் போன் எடுக்காது, அடியில் பாலத்தருகே மட்டும்தான் சிக்னல். அடியில் பாலத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அக்காவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். அது வந்த பிறகுதான் அவள் வாசல் பலகையைச் சிவப்பிலிருந்து பச்சைக்குத் திருப்ப வேண்டும். பச்சை தெரிந்தால்தான் சைக்கிள் எடுத்தவர்கள் இறங்கலாம்.

இதுதான் ஏற்பாடு. பதினோரு வருஷமாக நடந்தது வேறு. பாலத்தடியில் ஒரு வேலி சாய்ந்திருந்தால் போதும், கரடி போனை மறந்துவிடுவான். மத்தியானம் வந்து, "அய்யோ, அடிக்கலையா நான்?" என்று தலையைச் சொறிவான். இரண்டு தடவைக்கு ஒரு தடவை இந்தக் கதைதான். அதனால் அவளும் பழகிப்போனாள். ஒரு மணி நேரம் பார்ப்பாள். எப்படியும் இறங்கியிருப்பான் என்று பலகையைத் திருப்பிவிடுவாள். இதை இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. தானாக அப்படி ஆகிப்போனது.

நேற்று ஏழு பத்துக்கு அவன் இறங்கினான். எட்டு இருபதுக்கு அவள் பலகையைத் திருப்பினாள். ஒரே கம்பெனியிலிருந்து வந்த பதினோரு பேர் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள். பத்து மணிக்குச் சேறும் சிரிப்புமாகத் திரும்பி வந்து, அவளை நடுவில் நிறுத்திப் படம்கூட எடுத்துக்கொண்டார்கள். பன்னிரண்டாகியும் அவன் வராதபோதுதான் அவளுக்கு உறைத்தது. காவலருக்குப் போன் செய்தாள். ஒன்றே காலுக்கு அவர் கண்டுபிடித்தார். பாதையிலிருந்து பத்தடி தள்ளிப் புதிதாக ஒரு வாய் திறந்திருந்தது. சைக்கிளை ஒரு மரத்துக்குப் பின்னால் சாய்த்துவிட்டு எட்டிப் பார்க்கப் போனவன், விளிம்பு உடைந்து உள்ளே போயிருக்கிறான். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் முடிந்துபோனது. உள்ளுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார் டாக்டர். மூன்று மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று தொடங்கியவர், இவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆம்புலன்ஸில் கூடப் போனது தம்பி மனைவி. அக்காக்காரி போய்ச் சேர்ந்தபோது அவனை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். ராத்திரி அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏதாவது பேசினானா?"

"இல்லக்கா. மயக்கத்துலயே இருந்தார்."

அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் விடியற்காலையில் ஒரு மணி நேரம் கண்ணை மூடினாள். விழுந்ததுமே நினைவு போயிருக்கும். ஒன்றும் தெரிந்திருக்காது.

வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. மெக்கானிக் நேரே சமையலறைக்கு வந்து, தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, காவலர் வர்றதுக்குள்ள ஒரு வார்த்தை. போர்டை நான்தான் திருப்பினேன்னு எங்கயும் சொல்லிடாதீங்க."

"வேற யார் திருப்பினா?"

"அவனுங்கதான். அவசரத்துல அவனுங்களே திருப்பிட்டு இறங்கிட்டானுங்க. பதினோரு பேர்ல எவன்னு யார் போய்க் கேட்கப் போறா? நீங்க எழுதிக் குடுத்தா ஷெட்டுக்குப் பூட்டுதான். போனவன் போயிட்டான், இருக்கறவங்க சோத்துக்கு என்ன பண்றது?"

"அவ கேட்டா என்ன சொல்றது?"

"இதையே சொல்லுங்க. கரடி இருந்தா அவனே இதைத்தான் சொல்லியிருப்பான். அவன் விடாத புளுகா! காட்டுப்பன்னி துரத்துச்சு, மரத்துல ஏறித் தப்பிச்சேன்னான் ஒருநாள். நானும் வாயைப் பொளந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். கடைசியில பார்த்தா செயின் அறுந்து, வெட்கப்பட்டுக்கிட்டு அடியிலேர்ந்து தள்ளிக்கிட்டு வந்திருக்கான், கழுதை."

சிரிக்க ஆரம்பித்தவன் பாதியில் உடைந்தான். இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்தான். கன்னத்தில் கறுப்பாகக் கிரீஸ் இழுபட்டது. அதைச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

காவலர் சொன்ன நேரத்துக்கு வந்தார். முன்னறை நாற்காலியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கரடியைத் தோளில் போட்டு மேலே ஏற்றியவர் அவர்தான். வலது கையைச் சரியாகத் தூக்க முடியவில்லை. நோட்டை முழங்கால்மேல் வைத்து எழுதினார்.

"எத்தனை மணிக்கு இறங்கினாப்ல?"

"ஏழு பத்து."

"போன் வந்துச்சா?"

"வரல."

"அப்போ போர்டு?"

மெக்கானிக் ஓரடி முன்னால் வந்தான். "சார், அந்தப் பசங்க இருக்கானுங்களே..."

"நான்தான் திருப்பினேன்," என்றாள் அக்காக்காரி. "எட்டு இருபதுக்கு. போன் வரல. வழக்கம்போல மறந்திருப்பான்னு நினைச்சேன். அவங்க பத்துக்குத் திரும்பி வந்தாங்க. அப்பவும் நான் தேடல. பன்னெண்டு வரைக்கும் தேடல."

பேனா நின்றது. காவலரின் பார்வை அவளைத் தாண்டிப் பின்னால் போனது. உள்ளறை வாசலில் தம்பி மனைவி வந்து நின்றிருந்தாள்.

"தெரியும்க்கா," என்றாள்.

"யார் சொன்னா?"

"அவர்தான். ஆம்புலன்ஸ்ல. பாதி தூரம் வரைக்கும் நல்லாதான் பேசிக்கிட்டு வந்தார்."

அக்காக்காரி சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"தலைக்கு மேல சைக்கிள் போச்சாம். ஒண்ணு ஒண்ணா எண்ணினாராம். பதினொண்ணு. கத்தியிருக்கார். அவங்க பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டே போயிட்டாங்களாம்." அவள் குரல் உயரவில்லை. பாடம் ஒப்பிப்பதுபோல வந்தது. "அக்கா போர்டைத் திருப்பிட்டா, அப்போ நான் கீழே போய்ச் சேர்ந்துட்டேன்னு நினைச்சுட்டா, இப்போதைக்குத் தேட மாட்டான்னு புரிஞ்சுதாம். அதுக்கப்புறம் கத்தறதை நிறுத்திட்டேன்னார்."

தம்பி மனைவி நிலைக்கட்டையில் சாய்ந்துகொண்டாள்.

"அக்காகிட்ட சொல்லிடாதேன்னார். ரெண்டு தடவை சொன்னார். நானும் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். ராத்திரி நீங்க கேட்டப்போ இல்லன்னேன் இல்ல?" அவள் மெக்கானிக்கைப் பார்த்தாள். "இவர் சமையல்கட்டுல பேசினது உள்ளே கேட்டுச்சு. நீங்களும் அதையே சொல்லியிருந்தா, ஒருவேளை நான் பேசாமலே இருந்திருப்பேன். நீங்க உள்ளதைச் சொன்னீங்க. நானும் சொல்லிட்டேன்."

"ஏம்மா, இப்ப போய்..." என்றான் மெக்கானிக்.

"பின்ன எப்ப?" என்றாள் அவள். "தனியா இதை வச்சுக்கிட்டு நான் எத்தனை வருஷம் இருக்கறது?"

காவலர் நோட்டை மூடினார். "மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கலாம்," என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டு, தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே போனார்.

அக்காக்காரி ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். மன்னித்துக்கொள் என்பதா? அதை வாங்கிக்கொள்ள வேண்டியவன் ஆஸ்பத்திரியில் துணிக்காகக் காத்துக்கொண்டிருந்தான். துணிகளைப் பையில் வைத்தாள். இஸ்திரிப் பெட்டி அணைந்திருக்கிறதா என்று பார்த்தாள். மறுபடியும் போய்ப் பார்த்தாள்.

"போய்ச் சேர ஒன்பதே முக்கால் ஆயிடும்க்கா, கிளம்பலாம்," என்றான் மெக்கானிக்.

வேனின் முன்சீட்டில் டிரைவரையும் சேர்த்து மூன்று பேர் உட்காரலாம். தம்பி மனைவி ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டவள், கொஞ்ச நேரம் கழித்து அதை எடுத்து நடுவில் வைத்தாள். மெக்கானிக் பையைப் பார்த்தான், அக்காக்காரியைப் பார்த்தான், சாவியைத் திருகினான்.

அக்காக்காரி சுற்றிப்போய்ப் பின்கதவைத் திறந்து ஏறினாள். டயர்களை ஒதுக்கி, முழங்காலை மடக்கி, தரையில் உட்கார்ந்துகொண்டாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருவரின் பின்தலையும் தெரிந்தது. யாரும் திரும்பவில்லை.

முதல் வளைவில் கைப்பை சாய்ந்து விழுந்தது. தம்பி மனைவி அதை எடுத்து அதே இடத்தில் நிமிர்த்தி வைத்தாள். மறுபடி விழாமல் இருக்க, அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டாள்.