முன்னூற்று முப்பது கிலோவாட்

வானிலை கணிக்கும் நிலையத்தில் அவளை மீட்டரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மின்சாரப் பிரிவு அவள் பொறுப்பு. யார் என்ன சொன்னாலும் "மீட்டர் என்ன சொல்லுது?" என்று கேட்டுக் கேட்டு வந்த பேர் அது.

நிலையத்தின் பழைய சூப்பர் கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்திருந்தார்கள். பழையது எழுநூறு கிலோவாட் தின்றது. விசிறிகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. புதியதில் ஒவ்வொரு சிப்பின் மேலும் ஒரு செப்புத் தகடு. அதற்குள் ஓடும் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே போகும். அதே வேலையை நானூறு கிலோவாட்டில் முடித்துவிடும் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. கம்பெனி சார்பில் அதை நிறுவ வந்த பொறியாளர் அவளுடைய தங்கையின் கணவர்.

சோதனை நாளன்று காலையிலிருந்து மாலைவரை இயந்திரத்தை முழு மூச்சில் ஓட்டினார்கள். மீட்டர் முன்னூற்று முப்பது காட்டியது. சொன்னதைவிடக் குறைவு! இயக்குநருக்கு வாயெல்லாம் பல். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி, "பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டா நாளைக்கே கிளம்பிடுவேன்க்கா" என்றார்.

"என்ன அவசரம் மாப்பிள்ளை? கால்ல வெந்நீரையா ஊத்திக்கிட்டு வந்தீங்க?"

அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அன்று அது நாலாவது தடவை.

அவளுக்கு உறுத்தியது. வெளியே போகும் குழாயில் கை வைத்துப் பார்த்தாள். சூடு கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. குழாயில் மாட்டியிருந்த அளவுமானிகளைப் படித்தாள். நொடிக்குப் பத்து லிட்டர் தண்ணீர், பத்து டிகிரி சூடேறி வெளியே போகிறது. கையிலிருந்த தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். தண்ணீர் சுமந்து போகும் சூடு மட்டுமே ஏறக்குறைய நானூற்று இருபது கிலோவாட்.

உள்ளே போனது முன்னூற்று முப்பதுதான் என்றால், மிச்சச் சூடு எங்கிருந்து வந்தது? மீட்டருக்குத் தெரியாமல் வேறு வழியில் மின்சாரம் வருகிறது. மாப்பிள்ளை எங்கோ ஒரு கேபிளை ஒளித்து இழுத்திருக்கிறார்.

வீட்டுக்குப் போனதும் தங்கைக்குப் போன் செய்து, "வேலை விஷயமா அவர் ஏதாவது சொன்னாரா?" என்று மட்டும் கேட்டாள்.

"கல்யாணத்தன்னைக்கே ஆரம்பிச்ச. இன்னுமா அவர் மேல சந்தேகம் தீரல?" என்று தங்கை போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போனதும், இயந்திர அறையின் தரைப் பலகைகளைத் தூக்கிவிட்டு, அடியில் கேபிள்கள் ஓடும் இடைவெளிக்குள் இறங்கினாள். டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு கேபிளாகத் தடவிக்கொண்டு போனாள். பாதி தூரம் போனபோது தலைக்கு மேலே செருப்புச் சத்தம்.

"என்னக்கா தேடுறீங்க?"

"நீங்க ஒளிச்சு வச்சதை."

மாப்பிள்ளையின் முகம் சுருங்கிப்போனது. "நான் ஒரு ஒயரைக்கூட ஒளிக்கல. நகருங்க, நானும் வர்றேன்." சட்டையை மடித்துவிட்டு இறங்கினார். இரண்டு பேருமாகக் கடைசி கேபிள்வரை பார்த்தார்கள். கள்ளக் கேபிள் எதுவும் இல்லை.

மிச்சம் இருந்தது மீட்டர் மட்டும்தான். புது இயந்திரத்துக்கென்றே புதிதாக வைத்தது. பெட்டியைத் திறந்தாள். மின்னோட்டத்தை அளக்கும் வளையத்தின் மேல் எண்ணூறு என்று பொறித்திருந்தது. மீட்டருக்குள்ளும் அதே எண்ணைத்தான் பதிந்திருக்க வேண்டும்; பதிந்திருந்ததோ அறுநூறு. நாலில் மூன்று பங்கை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது மீட்டர். உண்மையில் ஓடியது நானூற்று நாற்பது, கம்பெனி எழுதிக் கொடுத்ததைவிட நாற்பது அதிகம்.

யார் பதிந்தது என்று பதிவேட்டைப் புரட்டினாள். அவளுடைய கையெழுத்து. பக்கத்திலேயே ‘சரிபார்த்தேன்’ என்றும் எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்தை மாப்பிள்ளையிடம் திருப்பிக் காட்டினாள்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மீட்டர்ல என்ன தப்புன்னு தெரியாது. ஆனா எங்க மெஷினே உள்ளுக்குள்ள ஒரு அளவு எடுக்கும். அது நானூத்தி நாப்பதுன்னு காட்டுச்சு. ஆபீஸ்ல சொன்னேன். 'அவங்க மீட்டரே குறைவா காட்டுதுன்னா நமக்கென்ன, கையெழுத்தை வாங்கிட்டு வா'ன்னாங்க. வாயை மூடிக்கிட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்பவும் நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தான்க்கா தெரியும். வெளிய வந்தா முதல்ல உங்க பேர்தான் அடிபடும்" என்றார்.

அது அக்கறையா, மிரட்டலா? அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு இயக்குநரின் அறைக்குப் போனாள். முதலில் தன் தவறைச் சொன்னாள், பிறகு மாப்பிள்ளை மறைத்ததை. இயக்குநர் பதிவேட்டை வாங்கி அவளுடைய கையெழுத்தைப் பார்த்தார். "உங்களையே நம்ப முடியலன்னா நான் யாரைம்மா நம்புறது?" என்றார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

சோதனை ரத்தானது. இனி அவள் பதிவதை இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று உத்தரவு வந்தது. கம்பெனியிலிருந்து வேறு ஆட்கள் வந்து தண்ணீர் பம்புகளின் வேகத்தைக் குறைத்தார்கள், சிப்களுக்குப் போகும் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துச் சரிசெய்தார்கள். மூன்று வாரம் கழித்து இரண்டு மீட்டர் வைத்து ஓட்டியதில், இரண்டுமே முன்னூற்றுத் தொண்ணூற்றெட்டு காட்டின. எழுநூறு தின்ற இடத்தில் அது நிஜமாகவே பெரிய விஷயம்தான்.

மாப்பிள்ளையைக் கம்பெனி வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டது. தங்கை ஒரு மாதம் பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். மழையைப் பற்றியும், பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் பேசினார்கள். கிளம்பும்போது மாப்பிள்ளை, "நீங்க செஞ்சதுதான்க்கா சரி" என்றார்.

அவள் தலையாட்டினாள். அவர் மனதாரச் சொன்னாரா, தங்கைக்காகச் சொன்னாரா என்பது அவளுக்குத் தெரியவில்லை.