பதினாலின் தோளில் ஒரு ரெண்டு

என்ஜினியர் கொடுத்தனுப்பிய சீட்டில் 14² என்று மட்டும் இருந்தது. எந்த அறை என்றுகூட இல்லை. டைல்ஸ் அக்கா இருபது வருஷமாகத் தரை பதிக்கிறவள். ஆனால் இப்படி ஒரு எண்ணின் தோளில் இன்னொன்று குந்தியிருப்பதைப் பார்த்ததில்லை. ஏதோ குளியலறை மூலையாக்கும், பதினாலு ரெண்டு தடவை என்று நினைத்து, வேன் ஓட்டும் கொழுந்தனிடம் இருபத்தெட்டு டைல்ஸ் ஏற்றி வரச் சொன்னாள்.

வந்து பார்த்தால், வாட்ச்மேன் காட்டியது நல்ல விசாலமான படுக்கையறை.

"அண்ணி, இது கட்டிலுக்கு அடியிலயே தீந்துடுமே?" என்றான் கொழுந்தன்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அந்தச் சின்ன ரெண்டு மனசை அரித்தது. சிமெண்ட் போடாமல் சும்மா பரப்பிப் பார்த்தாள். ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர்வரை கச்சிதமாகப் பதினாலு. இருபத்தெட்டுக்கு இரண்டே வரிசை. அறையின் நீளத்தை அளந்தாள். அப்படிப் பதினாலு வரிசை வேண்டும்.

"ரெண்டால பெருக்கச் சொல்லல தம்பி. பதினாலையே ரெண்டு தடவை எழுதிப் பெருக்கணும். நூத்தித் தொண்ணூத்தாறு."

மீதி நூற்று அறுபத்தெட்டுக்குக் கொழுந்தன் முணுமுணுத்துக்கொண்டே வேனைக் கிளப்பினான். அக்காவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. தோளில் ரெண்டுக்குப் பதில் மூணு இருந்தால்? மற்ற அறைகளில் வெட்டி எறிந்த துண்டுகள் ஒரு சாக்கு நிறையக் கிடந்தன. பதினாலுக்கு அது பத்தாது என்று, கீழேயும் மூணையே வைத்துப் பார்த்தாள். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று, ஒன்பது. அதன்மேல் இன்னும் இரண்டு அடுக்கு வைத்தாள். இருபத்தேழு.

நாலு என்றால்? நீளம் போனது, அகலம் போனது, உயரமும் போனது. இனி எந்தப் பக்கம் போவது? வெகுநேரம் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தாள். பிறகு அதே மாதிரி இன்னும் இரண்டு குவியலைப் பக்கத்தில் அடுக்கினாள். எண்பத்தொன்று.

அப்போது என்ஜினியர் உள்ளே வந்தார். வேலை ஆரம்பிக்கவில்லையா என்று கேட்க வாயெடுத்தவர் குவியல்களைப் பார்த்து நின்றார். அக்கா நடந்ததை மறைக்காமல் சொன்னாள். இனி அறை பெயரையும் முழு எண்ணையும் எழுதித் தருவதாக அவர் ஒப்புக்கொண்டார்.

"அதையும் எழுதுங்க சார், தோள்ல குந்துற இந்தச் சின்ன எண்ணையும் எழுதுங்க," என்றவள், சாக்கை உதறிப் பார்த்தாள். "அஞ்சு போட்டுப் பாக்கலாம்னா துண்டு பத்தாது. இருநூத்தி நாப்பத்திமூணு வேணும், சரிதானே?"

அவர் மனசுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.