முப்பத்தெட்டாவது தலை

எங்கள் பள்ளியில் நல்ல மாணவி, மோசமான மாணவி என்றெல்லாம் யாரும் பிரிப்பதில்லை. மேலே இருப்பவள், விரிப்பு என்று இரண்டே சாதி. நூறு பேர் ஒரு பாடம் எடுத்தால் முதல் நாலு பேருக்குத்தான் முதல் தரம். ஐந்தாமவள் உயிரைக் கொடுத்து எழுதியிருந்தாலும் அவளுக்கு இரண்டாம் தரம்தான். அதனால் மேலே ஏற ஆசைப்படுகிறவளுக்குக் கீழே நிறைய தலைகள் வேண்டும். அந்தத் தலைகளைத்தான் விரிப்பு என்பார்கள். நான் ஒரு விரிப்பு. வயது பதினேழு, பெயர் போரம். பட்ட பாட்டுக்குக் கிடைக்கும் பலன் என்று அர்த்தமாம். அம்மா ஆசைப்பட்டு வைத்தது, பாவம்.

எங்கள் இயற்பியல் வகுப்பில் முப்பத்தொன்பது பேர். நாலு சதவீதம் கணக்குப் போட்டு, அரைக்கு மேல் போனால் ஒன்றாக்கிக்கொள்வார்கள். முப்பத்தொன்பது பேருக்கு இரண்டு முதல் தரம். முப்பத்தெட்டுக்கும் இரண்டுதான். முப்பத்தேழு ஆனால் ஒன்றே ஒன்று. இதெல்லாம் எங்களுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். வகுப்பின் முதலிடக்காரியை யாராலும் அசைக்க முடியாது. இரண்டாவது இடம் நாரேயுடையது. கடைசி இடம், அல்லது அதற்கு ஓரிரண்டு மேலே, நான்.

ஏப்ரலில் இடைப்பருவத் தேர்வு நடந்தபோது விடைத்தாளை முன்வரிசையிலிருந்து பின்னால் நீட்டினார்கள். வாங்கிக்கொள்ள என் கை எழும்பவில்லை. தொண்டையை யாரோ நெரிப்பது போல மூச்சு நின்றது. இதயம் காதுக்குள் அடித்தது. சாகப்போகிறேன் என்றே நினைத்தேன். மருத்துவ அறையில் படுக்க வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அதன் பிறகு பள்ளி வாசலைப் பார்த்தாலே அதேபோல் ஆனது. காலையில் கண் திறந்ததும், ஐயோ, இன்னும் இருக்கிறேனே என்றுதான் தோன்றும். செத்துப்போக வேண்டும் என்றுகூட இல்லை. இல்லாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

படிப்பை விட்டு விலகுகிறேன் என்றேன். அம்மா சலவைக்கடை வைத்திருக்கிறாள். அந்த நேரம் யாருடைய பாவாடை மடிப்பையோ தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாப் பிள்ளைங்களும்தான் படிக்குதுங்க. உனக்கு மட்டும் என்னடி?" என்றாள்.

கேட்டுவிட்டு அடுத்த மடிப்பைத் தேய்க்கப் போய்விட்டாள். இரண்டு வாரம் போர்வைக்குள் கிடந்தேன். கடைசியில் அவளே அழுதுகொண்டு விலகல் விண்ணப்பத்தில் தன் பெயர் முத்திரையைக் குத்திக் கொடுத்தாள். ஆனால் பள்ளியில் அதை உடனே வாங்கிக்கொள்ள மாட்டார்கள். யோசிப்பதற்கென்று சில வாரம் தருவார்கள். அந்த வாரங்களில் பள்ளி ஆலோசகரிடம் போய் உட்கார வேண்டும். உன் சோகம் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எவ்வளவு என்று கேட்டார். அங்கேயும் தரம்தான். மூன்று என்றேன். ஐந்து என்று சொன்னால் அம்மாவைக் கூப்பிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த வாரங்களில்தான் அதிசயம் நடந்தது. ஒருநாள் நாரேயின் அம்மா ஒரு பெட்டி மஞ்சள் முலாம்பழத்தோடு கடைக்கு வந்தார். சோங்ஜு ஊர்ப் பழம், விலை அதிகம். எங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "போரம் மாதிரி அமைதியான பொண்ணு வகுப்புக்கே அழகுங்க. கொஞ்ச நாள் ஓய்வு எடுக்கட்டும். ஆனா அவசரப்பட்டு விட்டுடாதீங்க" என்றார்.

அவர் போனதும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பழத்தை வெட்டி என் வாயில் திணித்தாள். "பாத்தியா? நீதான் யாருமே இல்லன்னு புலம்பினே. அவ்ளோ பெரிய டாக்டர் சம்சாரம் நம்ம கடைக்கு வந்து நின்னுச்சுடி!"

பிறகு கேக் வந்தது. வகுப்பில் எல்லோரும் கையெழுத்திட்ட அட்டை வந்தது. என்னோடு ஒருநாளும் பேசாதவர்கள் எல்லாம் இதயப்படம் போட்டுச் செய்தி அனுப்பினார்கள். நான் முட்டாள் இல்லை. எனக்கும் சந்தேகம் வந்தது. போர்வைக்குள் படுத்தபடி கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பத்தொன்பதில் நான் போனால் முப்பத்தெட்டு. அப்போதும் முதல் தரம் இரண்டு. நான் இருந்தாலும் போனாலும் யாருக்கும் ஒன்றும் குறையப்போவதில்லை. அப்படியென்றால் இது அன்புதான். வேறு என்னவாக இருக்க முடியும்? முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு அழுதேன். பல மாதங்களுக்குப் பிறகு வந்த நல்ல அழுகை அது.

நாரேயே ஒருநாள் நேரில் வந்தாள். கடைக்குப் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, வாங்கி வந்த தொக்பொக்கிப் பொட்டலத்தைப் பிரித்தாள். காரக் குழம்பில் வெந்த அரிசிமாவுத் துண்டுகள்.

"நீ இல்லாம வகுப்பு வகுப்பாவே இல்லடி," என்றாள்.

"சும்மா சொல்லாத. என் பேரே உனக்குப் போன வருஷம் தெரியாது."

"தெரியும்டி. நீ ஜன்னல் பக்கம் உக்காந்து நகம் கடிப்பே."

காரத்தில் எனக்குக் கண்ணீர் வந்தது. காரம் என்றுதான் சொல்லிக்கொண்டேன். நான் நகம் கடிப்பதை ஒருத்தி பார்த்திருக்கிறாள்! அது போதும் எனக்கு. நான் ஏன் போகிறேன் என்று அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடத் தயாராக இருந்தேன். அவள் தனிவகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். பரவாயில்லை, அடுத்த முறை கேட்பாள் என்று நினைத்தேன்.

ஜூன் மாதம் திரும்பிப் போனேன். விண்ணப்பம் பைக்குள்ளேயே இருந்தது. வாசலில் மூச்சு முட்டியது. அட்டையில் இருந்த கையெழுத்துகளை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். வகுப்பில் கைதட்டினார்கள். நிஜமாகவே கைதட்டினார்கள்.

இயற்பியல் ஆசிரியர் குவாக் சார் வருகைப் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அப்பாடா, முப்பத்தெட்டு பேரும் இருக்கீங்க. அப்படியே இருங்கம்மா, யாரும் அசையாதீங்க."

வகுப்பே சிரித்தது. நானும் பாதி சிரித்துவிட்டு நிறுத்தினேன். முப்பத்தெட்டா? சுற்றிலும் எண்ணினேன். மூன்றாம் வரிசையில் மிரேயின் இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் இருந்தவளைக் கேட்டேன்.

"மிரேயா? மே மாசமே அவ குடும்பத்தோட சூவோன் போயாச்சே. உனக்குத் தெரியாதா?"

மே மாதம். முலாம்பழம் வந்தது மே மாதம்.

இடைவேளையில் நாரேயை மாடிப்படியில் பிடித்தேன். சுவரில் அவள் வரைந்த சுவரொட்டி இருந்தது. மனநல வாரப் போட்டியில் முதல் பரிசு. "நீ நலமா?" என்று பெரிய எழுத்தில் கேட்டு, கீழே இரண்டு கைகள் கோத்திருக்கும். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என் தலைக்காகத்தானே வந்தே?" என்றேன். "முப்பத்தேழு ஆயிட்டா உனக்கு ரெண்டாம் தரம். அதுக்குத்தானே தொக்பொக்கி? அதுக்குத்தானே உங்கம்மா பழப் பெட்டியத் தூக்கிட்டு வந்தாங்க?"

அவள் மறுப்பாள் என்று நினைத்தேன். மறுத்திருந்தால் நம்பியிருப்பேன், அந்த நிலைமையில் இருந்தேன். அவள் மறுக்கவில்லை. தலையில் போட்டிருந்த அகலமான பட்டையைக் கழற்றினாள். காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. வழவழவென்று இருந்தது.

"மார்ச்லேர்ந்து கொட்டுது," என்றாள். "ஒரு ரெண்டாம் தரம் வந்தா மருத்துவம் போச்சுடி. அப்பா என்னத் திட்டகூட மாட்டாரு. பேச்ச நிறுத்திடுவாரு. அண்ணன்கிட்ட அப்படித்தான் மூணு வருஷமா பேசல. ஒரே வீட்டுல."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். விடுமுறை வரைக்கும் அந்த விண்ணப்பத்தக் குடுக்காத. மார்க்கெல்லாம் முடிச்சு வெச்சதும் குடு. பரீட்சையில பேர எழுதிட்டுத் தூங்கு. கெஞ்சிக் கேக்கறேன் போரம்."

பட்டையை இழுத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். இரண்டு பேரையும் ஒருவர் பக்கத்தில் ஒருவராக நிற்க வைத்துப் பார்த்தால், யார் மேலே, யார் விரிப்பு என்று சொல்ல முடிந்திருக்காது. அவளை வெறுக்கத்தான் ஆசைப்பட்டேன். அந்த வழுக்கைத் தலையைப் பார்த்த பிறகு வெறுக்க முடியவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

இருந்தேன். ஏன் இருந்தாய் என்று கேட்டால் பெரிய மனசு என்று சொல்ல மாட்டேன். என்னால் ஒருத்திக்கு ஏதோ நல்லது ஆகிறது என்பது எனக்குப் புதிது. வெறும் தலைக்கணக்குக்கு என்றாலும் நான் வேண்டும் என்று ஒருத்தி கேட்டாளே. தினமும் வாசலில் மூச்சு முட்டியது. தினமும் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அது அடங்கும்வரை உள்ளே நின்றேன். தேர்வன்று விடைத்தாள் வந்தது. கை மரத்துப்போய், எல்லாக் கேள்விக்கும் மூன்றாம் கட்டத்தையே மேலிருந்து கீழாக நிரப்பினேன். வியர்வையில் தாள் ஒட்டிக்கொண்டது. குவாக் சார் பக்கத்தில் வந்து, கண்டும் காணாதவர் போல நகர்ந்தார். எழுந்து ஓடிவிடாமல் இருக்க மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விரல்களில் பதிந்த கோடு மாலைவரை போகவில்லை.

தேர்வு முடிந்த மறுநாளே செய்திகள் நின்றன. அட்டையில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டவள் சாப்பாட்டுக் கூடத்தில் என் எதிரே இருந்த நாற்காலியைத் தன் பைக்கு வேண்டும் என்று எடுத்துக்கொண்டு போனாள். அம்மா மட்டும் தினமும் கேட்டாள்: "நாரே எப்படி இருக்கா? ஒருநாள் சாப்பிடக் கூட்டிட்டு வாயேன்." சரி சரி என்று சொல்லி வைத்தேன். அவளுக்கு அந்தப் பழத்தின் ருசியாவது மிஞ்சட்டும்.

விடுமுறைக்கு முந்தைய நாள் இயற்பியலில் முதல் தரம் இரண்டு பேருக்கு என்று தெரிந்தது. முதலிடக்காரிக்கும் நாரேக்கும். எனக்கு ஒன்பதாம் தரம், அதற்குக் கீழே தரமே கிடையாது. பைக்குள் கசங்கிக் கிடந்த விண்ணப்பத்தை எடுத்து நீவிவிட்டேன். ஆசிரியர் அறைக்குப் போகும் படிகளில் ஏறினேன். இன்றோடு விட்டது என்று நினைத்தபோது அன்றைக்கு முதல்முறையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

"போரம்! போரம், நில்லுடி!"

நாரே மூச்சிரைக்க ஓடி வந்தாள். தலைப்பட்டை இன்னும் அகலமாகியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, ஒருவேளை இப்போதாவது கேட்பாள் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நெஞ்சு குதித்தது.

"அடுத்த பருவம் நீ வேதியியல் எடுப்பியா?" என்றாள். "முப்பத்தேழு பேர்தான் சேந்திருக்கோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாத சிரிப்பு. படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் பயந்துபோய் எதிரே குந்தினாள்.

"நாரே," என்றேன், "நான் ஏன் போறேன்னு ஒரு தடவ கேளுடி. ஒரே ஒரு தடவ. இத்தன மாசத்துல ஒருத்தர்கூடக் கேக்கல. எங்கம்மா கேக்கல, ஆலோசகர் கேக்கல. நீயாவது கேளு."

அவள் முகம் ஒரு கணம் இளகியது. கேட்கத்தான் வாயைத் திறந்தாள், அது நிச்சயம். பிறகு மணி அடித்தது.

"கேக்கறேன்டி," என்றாள் அவசரமாக. "சத்தியமா கேக்கறேன். முதல்ல சொல்லு, எடுப்பியா?"

அவள் கண்ணைப் பார்த்தேன். ஏப்ரலில் விடைத்தாள் வந்தபோது என் கண்ணும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"எடுக்கறேன்," என்றேன்.

அவள் பெருமூச்சு விட்டாள். என் தோளை அழுத்தினாள். "முப்பத்தெட்டு! ஆயிருச்சு!" என்று கீழே இருந்த யாரிடமோ கத்திக்கொண்டே இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினாள்.

விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். அவள் திரும்பி வந்து கேட்பாள் என்று அந்தப் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.